பங்கு முதலீட்டின் சந்தை ரிஸ்க்: வீட்டிலேயே கணக்கிடுவது எப்படி?

வட்டி வேண்டாம் என்று வங்கி டெபாசிட்டைத் தவிர்க்கும் நம் குடும்பங்கள் பல, நிலம், தங்கம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டன. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணம், பிள்ளைகளின் படிப்புக்கான பணம், ஹஜ்ஜுக்கான பணம் என்று பலவும் இன்று டீமேட் கணக்குகளில் இருக்கின்றன. எந்தப் பங்கு ஹலால் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். எந்தப் பங்கு ஏறும் என்றும் விசாரிக்கிறோம். ஆனால், "சந்தை விழுந்தால் நம் பணத்தில் எவ்வளவு போகும்?" என்ற கேள்வியைப் பெரும்பாலும் விழுந்த பிறகுதான் கேட்கிறோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அந்த அளவை எப்படி எடுப்பது என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கணினியில் எக்செல் இருந்தால் இன்னும் எளிது.

சந்தை ரிஸ்க் என்பது எது?

பங்கு முதலீட்டில் இரண்டு வகை ஆபத்துகள் உண்டு.

முதலாவது, ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வரும் ஆபத்து. 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகக் காட்டப்பட்டவை என்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அந்தப் பங்கு தன் விலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இழந்தது. இந்த வகை ஆபத்தைப் பல நிறுவனங்களில், பல துறைகளில் பணத்தைப் பிரித்துப் போடுவதன் மூலம் வெகுவாகக் குறைக்கலாம்.

இரண்டாவது, சந்தை முழுவதையும் தாக்கும் ஆபத்து. போர், தொற்றுநோய், உலகப் பொருளாதார நெருக்கடி போன்றவை வரும்போது நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்ற வேறுபாடு இல்லாமல் ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் சேர்ந்து விழும். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் இறங்கியது. சதவீதத்தில் 13க்கும் மேல். காலையில் 10 சதவீதம் விழுந்ததுமே விதிப்படி 45 நிமிடம் வணிகத்தை நிறுத்தினார்கள். மீண்டும் திறந்த பிறகும் வீழ்ச்சி நிற்கவில்லை.

இந்த இரண்டாவது வகைதான் சந்தை ரிஸ்க். இருபது பங்குகள் வைத்திருந்தாலும் இது போகாது. போக்க முடியாததை அளந்தாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவோம்

கணவர் பெயரில் ஒரு கணக்கு, மனைவி பெயரில் ஒன்று, மகன் கைபேசியில் ஒன்று என்று பல வீடுகளில் முதலீடு சிதறிக் கிடக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்க வேண்டும். வாங்கிய விலை இங்கே தேவையில்லை. இன்றைய சந்தை மதிப்பை எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்திடம் ரூ.5,00,000 மதிப்புள்ள பங்குகள் இருப்பதாகக் கொள்வோம்.

மென்பொருள் நிறுவனம்: ரூ.2,00,000 (40 சதவீதம்)
மருந்து நிறுவனம்: ரூ.1,00,000 (20 சதவீதம்)
வாகன நிறுவனம்: ரூ.1,00,000 (20 சதவீதம்)
உலோக நிறுவனம்: ரூ.1,00,000 (20 சதவீதம்)

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து மகளின் கல்லூரிச் செலவுக்கு ரூ.3,00,000 வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இந்தக் குடும்பத்தையே உடன் அழைத்துச் செல்வோம்.

இரண்டாம் படி: ஏற்ற இறக்கத்தின் அளவு

ஒரு பங்கு சராசரியாக எவ்வளவு வருமானம் தந்தது என்பது பாதி உண்மைதான். அந்தச் சராசரியைச் சுற்றி அது எவ்வளவு ஆடியது என்பது மறுபாதி. அந்த ஆட்டத்தை அளப்பது திட்ட விலக்கம். பள்ளிக் கணிதத்தில் நாம் படித்த அதே திட்ட விலக்கம்தான்.

ஐந்து மாதங்களின் கணக்கைப் பார்ப்போம்.

சந்தைக் குறியீட்டின் மாத மாற்றம் (சதவீதத்தில்): +4, −2, +3, −5, +5
ஒரு பங்கின் மாத மாற்றம் (சதவீதத்தில்): +6, −4, +5, −7, +5

இரண்டையும் கூட்டி ஐந்தால் வகுத்தால், இரண்டின் சராசரியும் மாதத்துக்கு 1 சதவீதம்தான். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

இப்போது ஒவ்வொரு மாதமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்போம். குறியீட்டுக்கு: 3, −3, 2, −6, 4. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 74. பங்குக்கு: 5, −5, 4, −8, 4. வர்க்கங்களின் கூட்டல் 146.

இந்தக் கூட்டல்களை 4 ஆல் (ஐந்து மாதத்தில் ஒன்றைக் கழித்து) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், குறியீட்டின் திட்ட விலக்கம் 4.3 சதவீதம். பங்கின் திட்ட விலக்கம் 6 சதவீதம். சராசரி வருமானம் ஒன்றாக இருந்தாலும் பங்கின் ஆட்டம் அதிகம் என்று தெரிகிறது.

மாத அளவை ஆண்டு அளவாக்க 12ன் வர்க்கமூலமான 3.46 ஆல் பெருக்க வேண்டும். நாள் அளவாக இருந்தால், ஆண்டுக்குச் சுமார் 250 வணிக நாட்கள் என்பதால், 15.8 ஆல் பெருக்க வேண்டும். 12 ஆலோ 250 ஆலோ நேரடியாகப் பெருக்குவது பலர் செய்யும் பிழை.

மூன்றாம் படி: பீட்டா

திட்ட விலக்கம் மொத்த ஆட்டத்தைச் சொல்லும். அதில் சந்தையோடு சேர்ந்து ஆடுவது எவ்வளவு என்பதைச் சொல்வது பீட்டா. பணத்தைப் பல பங்குகளில் பிரித்துப் போடுவதால் ரிஸ்க் எப்படிக் குறைகிறது என்பதை 1952ல் கணிதமாக்கியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ். பிரித்துப் போட்டாலும் மிஞ்சும் சந்தை ரிஸ்க்கை பீட்டாவைக் கொண்டு விளக்கும் கோட்பாட்டை 1964ல் வெளியிட்டவர் வில்லியம் ஷார்ப். 1990ல் இருவரும் மெர்டன் மில்லருடன் சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

கணக்கு எளியது. மேலே கண்ட விலகல்களை மாதவாரியாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

(3 × 5) + (−3 × −5) + (2 × 4) + (−6 × −8) + (4 × 4) = 15 + 15 + 8 + 48 + 16 = 102

இதைக் குறியீட்டின் வர்க்கக் கூட்டலான 74 ஆல் வகுத்தால் 1.38. இதுதான் அந்தப் பங்கின் பீட்டா. சந்தை 10 சதவீதம் இறங்கினால் இந்தப் பங்கு ஏறத்தாழ 13.8 சதவீதம் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஏறும்போதும் அப்படியே. பீட்டா 1 என்றால் சந்தையோடு சமமாக நகரும். 1க்குக் கீழ் என்றால் சந்தையைவிட மெதுவாக நகரும்.

முறையை விளக்கவே ஐந்து மாதம் எடுத்தோம். உண்மைக் கணக்குக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு மாத விலைகள், அதாவது 36 முதல் 60 எண்கள் வேண்டும். பழைய விலைகள் தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் கிடைக்கும். எக்செலில் 'ஸ்லோப்' என்ற சூத்திரத்தில் முதலில் பங்கின் மாற்றங்களையும் அடுத்துக் குறியீட்டின் மாற்றங்களையும் கொடுத்தால் பீட்டா வந்துவிடும். பல நிதி இணையதளங்களும் பீட்டாவை வெளியிடுகின்றன. ஆனால், எந்தக் குறியீட்டோடு, எத்தனை ஆண்டுக்கு ஒப்பிட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அதிகம் கைமாறாத சிறு நிறுவனப் பங்குகளுக்கு பீட்டா பொய்யாகக் குறைந்து தெரியும். விலையே நகராத நாட்கள் பல இருப்பதுதான் காரணம். அதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இல்லாமல் போவதும் இத்தகைய பங்குகளில்தான்.

நான்காம் படி: மொத்தத் தொகுப்பின் பீட்டா

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் பங்குகளுக்கு பீட்டா இப்படி இருப்பதாகக் கொள்வோம்: மென்பொருள் 0.9, மருந்து 0.6, வாகனம் 1.2, உலோகம் 1.5. ஒவ்வொன்றையும் அதன் பங்கு விகிதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

மென்பொருள்: 0.40 × 0.9 = 0.36
மருந்து: 0.20 × 0.6 = 0.12
வாகனம்: 0.20 × 1.2 = 0.24
உலோகம்: 0.20 × 1.5 = 0.30
மொத்தம்: 1.02

ஆக, இந்தத் தொகுப்பு ஏறக்குறைய சந்தையைப் போலவே நகரும். சந்தை 10 சதவீதம் விழுந்தால், 5,00,000ல் 10.2 சதவீதம், அதாவது ரூ.51,000 குறையும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உலோகத்தில் இருக்கிறது. ஆனால், சந்தை ரிஸ்க்கில் அதன் பங்கு 0.30ஐ 1.02 ஆல் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 29 சதவீதம். பணம் எங்கே இருக்கிறது என்பதும் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

ஐந்தாம் படி: ஒரு மோசமான நாளில் எவ்வளவு போகும்?

வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் ஓர் அளவு 'வேல்யூ அட் ரிஸ்க்'. 1994ல் அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கி தன் கணக்கிடும் முறையை வெளியிட்ட பிறகு இது பரவலானது. சாதாரண நாட்களில் இழப்பு எந்த எல்லைக்குள் இருக்கும் என்று சொல்வதே இதன் வேலை.

நம் தொகுப்பின் தினசரித் திட்ட விலக்கம் 1.2 சதவீதம் என்று கொள்வோம். 95 சதவீத உறுதிக்கு இதை 1.65 ஆல் பெருக்க வேண்டும். 1.98 சதவீதம் வருகிறது. ரூ.5,00,000க்கு ரூ.9,900.

பொருள் இதுதான்: இருபது வணிக நாட்களில் பத்தொன்பது நாட்கள் இழப்பு ரூ.9,900க்குள் இருக்கும். ஒரு நாள் அதைத் தாண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் தாண்டும். ஒரு மாதத்துக்கு வேண்டுமானால், 21 வணிக நாட்களின் வர்க்கமூலமான 4.58 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ரூ.45,000.

சூத்திரம் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. இன்றைய தொகுப்பு கடந்த 250 வணிக நாட்களிலும் இப்படியே இருந்திருந்தால் ஒவ்வொரு நாளும் எத்தனை சதவீதம் மாறியிருக்கும் என்று பட்டியலிட்டு, மோசமான நாள் முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். பதின்மூன்றாவது எண்ணே உங்கள் 95 சதவீத எல்லை.

இந்த அளவு சொல்லாத ஒன்று இருக்கிறது. எல்லையைத் தாண்டும் அந்த ஒரு நாளில் எவ்வளவு போகும் என்று இது சொல்லாது. தினசரி 1.2 சதவீதம் ஆடும் சந்தையில் ஒரே நாளில் 13 சதவீத வீழ்ச்சி என்பது இந்தச் சூத்திரத்தின்படி மனித வரலாற்றிலேயே நடக்கக் கூடாதது. ஆனால், 2020 மார்ச்சில் நடந்தது. அதனால்தான் அடுத்த படி அவசியமாகிறது.

ஆறாம் படி: நடந்த வீழ்ச்சிகளை வைத்துச் சோதிப்போம்

2020 ஜனவரி நடுவில் 41,900 புள்ளிகளுக்கு மேல் இருந்த சென்செக்ஸ், மார்ச் 23ல் 25,981ல் முடிந்தது. வீழ்ச்சி ஏறத்தாழ 38 சதவீதம். நம் தொகுப்பின் பீட்டா 1.02 என்பதால் இழப்பு 38.8 சதவீதம், ரூ.1,93,800. மிச்சம் ரூ.3,06,200. மகளின் படிப்புக்கு வேண்டிய ரூ.3,00,000 மயிரிழையில் தப்புகிறது.

2008 ஜனவரியில் 20,800 புள்ளிகளுக்கு மேல் முடிந்த சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160 அளவுக்கு வந்தது. வீழ்ச்சி ஏறத்தாழ 60 சதவீதம். இதே தொகுப்பில் இழப்பு 61.2 சதவீதம், ரூ.3,06,000. மிச்சம் ரூ.1,94,000. படிப்புச் செலவுக்கு ரூ.1,06,000 துண்டு விழுகிறது.

"காத்திருந்தால் திரும்ப வரும்" என்பார்கள். வந்ததும் உண்மைதான். 2020 வீழ்ச்சியிலிருந்து சந்தை அதே ஆண்டு நவம்பரில் மீண்டது. ஆனால், 2008 ஜனவரியின் உயரத்தை மீண்டும் எட்ட 2010 நவம்பர் வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆனது. கல்லூரி மூன்று ஆண்டு காத்திருக்காது.

மீள்வது ஏன் கடினம் என்பதற்கும் கணக்கு உண்டு. 20 சதவீதம் இழந்தால் பழைய நிலைக்கு வர 25 சதவீத ஏற்றம் வேண்டும். 50 சதவீதம் இழந்தால் 100 சதவீதம் வேண்டும். 60 சதவீதம் இழந்தால் 150 சதவீதம் வேண்டும்.

ஷரீஅத் வடிகட்டல் ரிஸ்க்கைக் குறைக்குமா?

நம் வாசகர்கள் பலர் நிஃப்டி 50 ஷரீஅத் போன்ற குறியீடுகளில் உள்ள நிறுவனங்களாகப் பார்த்து வாங்குகிறார்கள். வட்டி சார்ந்த தொழில்களும் கடன் சுமை மிகுந்த நிறுவனங்களும் இவற்றில் விலக்கப்படுகின்றன. கடன் குறைந்த நிறுவனங்கள் நெருக்கடியைத் தாங்கும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால், சந்தை ரிஸ்க் இதனால் நீங்கிவிடாது. 2008லும் 2020லும் இந்தப் பங்குகளும் விழவே செய்தன.

வேறொரு பக்கமும் இருக்கிறது. நிஃப்டி 50ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை வங்கி, நிதித் துறைக்கு. அதை எடுத்துவிட்டால் எஞ்சியவற்றில் மென்பொருள், மருந்து, நுகர்பொருள் போன்ற துறைகளின் எடை கூடுகிறது. மென்பொருள் நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருவதால், அங்கே தொழில் மந்தமானால் இங்கே நம் தொகுப்பு அடிவாங்கும். ஆகவே ஐந்து மென்பொருள் பங்குகளை வாங்கிவிட்டுப் பிரித்துப் போட்டுவிட்டோம் என்று நினைக்கக் கூடாது.

இரண்டு பங்குகளில் பாதிப் பாதி போட்டிருக்கிறோம், ஒன்றின் ஆண்டுத் திட்ட விலக்கம் 30 சதவீதம், மற்றதற்கு 20 சதவீதம் என்று கொள்வோம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நகரும் அளவு, அதாவது ஒட்டுறவு, 0.8 என்றால் தொகுப்பின் திட்ட விலக்கம் 23.8 சதவீதம். ஒட்டுறவு 0.3 ஆனால் 20.4 சதவீதம். ஒரே துறையில் வாங்கினால் முதல் கணக்கு. வெவ்வேறு துறையில் வாங்கினால் இரண்டாவது. பெரிய நெருக்கடியில் எல்லா ஒட்டுறவுகளும் கூடிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பீட்டா கணக்கிடும்போது நிஃப்டி 50 ஷரீஅத்தோடு ஒரு முறையும் நிஃப்டி 50ஓடு ஒரு முறையும் ஒப்பிடுவது நல்லது. முன்னது நம்மைப் போல் முதலீடு செய்பவர்களோடு நம்மை ஒப்பிடும். பின்னது நாட்டின் சந்தை முழுவதும் விழும்போது நமக்கு என்னாகும் என்று சொல்லும்.

கணக்கைப் பார்த்த பின் என்ன செய்வது?

பொதுவான நிதி நூல்கள் இந்த இடத்தில், "ஒரு பகுதியைக் கடன் பத்திரத்திலோ டெபாசிட்டிலோ போடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடும். வட்டியைத் தவிர்ப்பவருக்கு அது பொருந்தாது. நமக்கு உள்ள வழி, எந்தப் பணம் சந்தைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று முன்பே பிரிப்பதுதான்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் ரூ.3,00,000ஐச் சந்தைக்கு வெளியே எடுத்து வைத்து, ரூ.2,00,000ஐ மட்டும் அதே விகிதத்தில் பங்குகளில் விட்டிருந்தால்? 2008 போன்ற வீழ்ச்சியில் ரூ.1,22,400 குறையும். வருத்தம்தான். ஆனால், மகளின் படிப்பு நிற்காது.

வெளியே எடுத்த பணத்தை எங்கே வைப்பது என்பதில் குறையில்லாத வழி எதுவும் இல்லை. நடப்புக் கணக்கில் வைத்தால் விலைவாசி அதைத் தின்னும். இரண்டு ஆண்டுகளுக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. தங்கம் பங்குகளோடு சேர்ந்து நகர்வது குறைவு என்றாலும் அதுவும் விழும். 2013ல் உலகச் சந்தையில், டாலர் கணக்கில் தங்கம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. நிலம் அவசரத்துக்கு விலை போகாது. எனவே தேதி குறித்த செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இருப்பதே பொருத்தம் என்பது நம் கருத்து.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவதையும் இதே கணக்கில் பாருங்கள். கைப்பணம் 5,00,000, கடன் 5,00,000 என்று மொத்தம் 10,00,000க்கு வாங்கினால், கைப்பணத்தின் மீதான பீட்டா 2.04 ஆகிவிடும். சந்தை பாதியாக விழுந்தால் கைப்பணம் முழுவதும் போய், மேலே கடனும் நிற்கும். வட்டி ஒருபுறம் இருக்கட்டும். கணக்கே இதை வேண்டாம் என்கிறது.

மியூச்சுவல் ஃபண்டில் போடுபவர்கள் அதன் ஆவணத்தில் உள்ள ரிஸ்கோமீட்டரைப் பார்க்கலாம். செபியின் விதிப்படி அதில் ஆறு நிலைகள் உண்டு. பங்கு சார்ந்த திட்டங்கள் பெரும்பாலும் 'மிக அதிகம்' என்ற ஆறாவது நிலையில்தான் இருக்கும். பெயரில் எத்திகல், ஷரீஅத் என்று இருப்பதால் முள் கீழே இறங்கிவிடாது.

இந்தக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். தினமும் பார்ப்பது மனக்கவலையைத்தான் வளர்க்கும். ஒரே பங்கு அதிகம் ஏறி, தொகுப்பில் பாதியாகிவிட்டதா? குடும்பத்தில் புதிதாகத் தேதி குறித்த செலவு ஏதும் வந்திருக்கிறதா? பீட்டா எவ்வளவு மாறியிருக்கிறது? இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

தாளில் எழுதிய இந்தக் கணக்கை வீட்டில் உள்ள பெண்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் காட்டுங்கள். இந்தப் பணம் அவர்களுடையதும்தான். மோசமான ஆண்டில் எவ்வளவு குறையும் என்று குடும்பம் முழுவதும் முன்பே அறிந்திருந்தால், சந்தை விழும் நாளில் பதறி அடிவிலைக்கு விற்கும் நிலை, இன்ஷா அல்லாஹ், வராது.